அப்பா போன பிறகு அம்மா மாடியை விட்டு இறங்குவதே இல்லை, சாப்பாடும் மருந்தும் தாறுமாறு. என்ன செய்யலாம்?

கேள்வி: தன்லின் மகள்

வணக்கம். பர்மாவில் ரங்கூன், பெகு, மோல்மீன் பக்கம் இருப்பவர்கள் யாராவது வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

அம்மாவுக்கு 68 வயது. ரங்கூன் பசுண்டாங்கில் ஒரு பழைய கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருக்கிறார். லிஃப்ட் கிடையாது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, முட்டி வலியும் உண்டு. கார்த்திகையில் அப்பா திடீரென்று தவறிவிட்டார். 2024ல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் தம்பி மலேசியாவுக்குப் போய்விட்டான். நான் தன்லினில், மாமியார் மாமனாரோடு. ஆற்றைத் தாண்டி பஸ் மாறி வந்து சேர அரைநாள் ஓடிவிடும்.

அப்பா இருந்தவரை விடிந்ததும் கீழே போய் பெபியோவும் (அவித்த பட்டாணி) நான் ரொட்டியும் வாங்கி வருவார். இரண்டு பேரும் டீயோடு உட்கார்வார்கள். அப்பாதான் மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்து அம்மாவின் டீ சாஸரில் வைப்பார். அது என்ன மாத்திரை என்று அம்மா கேட்டதே இல்லை. சாஸரில் இருந்தால் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். சாயங்கால கிளினிக்குக்கும் சைக்கா (சைக்கிள் ரிக்ஷா) பிடித்து அப்பாதான் கூட்டிப்போவார். டாக்டரிடம் பேசுவதும் அவர்தான். அம்மாவுக்குச் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குப் பர்மியம் தாராளமாக வரும், ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் தலையை மட்டும் ஆட்டுவார்.

இப்போது எல்லாம் நின்றுவிட்டது. பால்கனியில் தொங்கும் கயிறு இருக்கிறதே, ரங்கூன்காரர்களுக்குத் தெரியும், கிளிப்பில் காசை மாட்டி இறக்கினால் கீரைக்காரி பையை மாட்டி விடுவாள். அம்மா அந்தக் கயிற்றை வைத்தே குடித்தனம் நடத்துகிறார். கருமாதி முடிந்த பிறகு படி இறங்கியது ஒரே ஒரு முறை, அதுவும் கையெழுத்துப் போட. மதியம் சோறு, எலுமிச்சை ஊறுகாய், மோர்மிளகாய். ராத்திரி அதே சோற்றில் தண்ணீர் ஊற்றி அதே ஊறுகாய், இல்லாவிட்டால் பாக்கெட் நூடுல்ஸ். மீன், கருவாடு எல்லாம் அப்பாவோடு விட்டாயிற்று. கேட்டால் “ஒருத்திக்கு எதுக்கு உலை வைக்கணும்” என்கிறார்.

போன அமாவாசை அன்று ஒருபொழுது. பத்து மணி வாக்கில் உடம்பு குப்பென்று வியர்த்து, என்னென்னவோ உளறி, சுவரில் சாய்ந்துவிட்டாராம். எதிர்வீட்டுப் பர்மாக்காரம்மா சத்தம் கேட்டு வந்து சீனி போட்ட டீயைக் குடிக்க வைத்திருக்கிறார். நான் பாலம் தாண்டி வந்து சேர்வதற்குள் அம்மா எழுந்து உட்கார்ந்து “எதுக்கு வந்த” என்று கேட்கிறார். சொந்தக்காரர்கள் எல்லாரும் “துக்கம், அதான் மயக்கம். வருஷம் திரும்பினால் சரியாகிவிடும்” என்கிறார்கள்.

அப்படி விட்டுவிடலாமா? இல்லை, வம்படியாகத் தன்லினுக்குக் கூட்டிவந்துவிடலாமா? தலைத்திவசம் முடியும்வரை வீட்டில் விளக்கு அணையக்கூடாது என்கிறார். மகள் வீட்டுச் சோறு என்ற பேச்சு அதற்குப் பிறகு வருகிறது.


பதில்: மோல்மீன் நர்ஸம்மா

தங்கச்சி, நான் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், முதலில் அந்த மயக்கம். அது துக்க மயக்கம் மாதிரி எனக்குத் தெரியவில்லை. வியர்வை, உளறல், சீனி டீ குடித்ததும் தெளிவு. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போனால் இப்படித்தான் இருக்கும். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு ஒருபொழுது இருந்திருப்பார். விசாரித்துப் பார்.

நம்மூரில் கிளினிக்கிலும் கடையிலும் பெயர் எழுதாத சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தில் மாத்திரையைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். உன் அப்பா எது எதற்கு என்று தலைக்குள் வைத்திருந்தார். அது அவரோடு போய்விட்டது. எல்லாப் பொட்டலத்தையும் பொறுக்கி எடுத்து, கொடுத்த டாக்டரிடமே போய் ஒவ்வொன்றின் பெயரையும் காகிதத்தில் எழுதி வாங்கு. கிளிபென்கிளமைடு என்று ஒரு சர்க்கரை மாத்திரை இருந்தால் உஷார். மலிவு என்பதால் இங்கே இன்னும் நிறையப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். அதன் வேலை கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க நிற்கும். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் இன்னும் நீளும். அதனால்தான் வயதானவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை மட்டும் என்றால் சர்க்கரை இப்படி விழுவது அபூர்வம்.

ஒன்றைக் கவனி. உன் அம்மாவுக்கு எழுதிய அளவு, அப்பாவோடு உட்கார்ந்து மூன்று வேளை சாப்பிட்ட அம்மாவுக்கு எழுதியது. இன்று பாதிச் சாப்பாடு சாப்பிடும் உடம்புக்கு அதே அளவு அதிகமாகப் போகலாம். ரவிக்கை தொளதொளவென்று இருக்கிறதா, பார்த்தாயா? அரிசிக் கடைத் தராசிலாவது ஏற்றி எடை பார்த்து எழுதி வை. ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் காரணமில்லாமல் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டிய விஷயம். மாத்திரையை நீயாக நிறுத்தாதே, பாதியாக உடைக்காதே. சாப்பாடு பாதியாகிவிட்டது என்று டாக்டரிடம் சொல், அவர் மாற்றித் தருவார். அதுவரைக்கும் விரதம் வேண்டாம். அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மறுபடி அப்படி வந்தால், நினைவு இருக்கும்போது மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிஷம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்து, 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. அப்புறம் சோறோ ரொட்டியோ. கிளிபென்கிளமைடு போட்டவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் இறங்கும், ஆகவே ஆள் கூடவே இருக்கணும், ஆஸ்பத்திரியில் காட்டுவதே நல்லது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இதை எதிர்வீட்டம்மாவுக்குப் பர்மியத்தில் எழுதிக் கொடு. சமயத்தில் பக்கத்தில் இருக்கப்போவது அவர்தான்.

மீனை விட்டதும் எனக்குக் கவலைதான். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் போட்டவர்களுக்கு பி12 சத்து குறையும். மீன், முட்டை, பால் எதுவும் இல்லை என்றால் இன்னும் குறையும். கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது, மறதி எல்லாம் அதிலும் வரும். “துக்கத்தில் மறதி” என்று நாம் சொல்லிக்கொண்டு இருப்போம். வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் தினமும் புரதம் வேணும். 50 கிலோ என்றால் 50 கிராம். ஊறுகாய்ச் சோற்றில் அது ஏது? பெபியோவை அந்தக் கயிற்றிலேயே ஏற்றச் சொல். ஷான் தோஹூ கடலைமாவுதானே, அதற்கு என்ன தீட்டு? ஊறுகாய், மோர்மிளகாய், நூடுல்ஸ் பொடி மூன்றிலும் உப்புதான். பிரஷர் மாத்திரையை ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் பிடுங்குகிற வேலை.

முட்டி வலிக்குக் கடையில் கலந்து தரும் பொட்டலமும் போடுகிறாரா? அதில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். சர்க்கரை, பிரஷர் இரண்டையும் ஏற்றிவிடும். ரொம்ப நாளாகப் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் காட்டு.

நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் “மனசு பாரம்” என்று விட்டுவிடாதீர்கள். பெரிய துக்கத்துக்குப் பிறகு மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இதயமே தற்காலிகமாகத் தளர்ந்துபோவது உண்டு. 1990ல் ஜப்பானில் அதைப் பதிவு செய்தார்கள். பார்க்க மாரடைப்பு மாதிரியே இருக்கும். ஈசிஜி எடுத்தே ஆகணும்.


பதில்: பழைய ரங்கூன்காரன்

நர்ஸம்மா சொன்ன மருத்துவம் சரி. ஆனால் வருஷம் முடியாமல் வெளியே தலைகாட்டாமல் இருப்பது நம் முறை. 1964க்கு அப்புறம் பாதிச் சனம் கப்பலேறிப் போன பிறகும் இங்கே நின்றவர்கள் கட்டிக்காத்த முறை. அந்த அம்மா தன் விருப்பத்தோடு இருக்கும்போது இளசுகள் ஏன் இழுத்து வெளியே விடவேண்டும்?


பதில்: பெகு ஆச்சி

பழைய ரங்கூன்காரரே, நீங்கள் ஆம்பிளை. உங்கள் சம்சாரம் போனால் உங்களை யாரும் ஒரு வருஷம் அறையில் உட்கார வைக்க மாட்டார்கள். மூன்றாம் நாளே டீக்கடையில் இருப்பீர்கள், நாங்களும் பாவம் மனுஷன் என்போம். முறை என்று ஒன்று எல்லாருக்கும் இருந்தால் பேசலாம். அதிலும் பதினாறு முடிந்ததும் கோயிலுக்குப் போகிற குடும்பம் எத்தனையோ எனக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு வேறு.

மகளே, எனக்கு 74 வயது. என் கதை உன் அம்மாவுக்கு நேர் எதிர். என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து மூன்று வருஷத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தார். திருப்பிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் நான். என் வலது கண்ணில் புரை விழுந்து அடுப்புத் தணலே மங்கலாகத் தெரிந்தது, அதைப் பார்க்க யாருக்கு நேரம்? அவர் போன பிறகுதான் தூங்கினேன். அடித்துப் போட்ட மாதிரி மாதக்கணக்கில் தூங்கினேன். அழாமல் தூங்குகிறாளே என்று ஊர் பேசியது. அப்புறம் கண் ஆபரேஷன், முட்டிக்கு வைத்தியம், எல்லாம் விதவையான பிறகு செய்துகொண்டதுதான். இப்போது முன்னைக்கு நான் தேவலை. இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். புருஷன் போனால் எல்லாப் பெண்ணும் ஒரே மாதிரி ஒடுங்கிப்போவாள் என்று நினைக்காதே என்பதற்காகச் சொல்கிறேன். அவர் இருந்தபோது வீட்டில் யார் யாரைப் பார்த்துக்கொண்டார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உன் வீட்டில் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். உன் அம்மாவுக்குப் போனது புருஷன் மட்டும் இல்லை. காலைச் சாப்பாட்டு நேரம் போயிற்று, மாத்திரை போயிற்று, டாக்டரிடம் பேசும் வாய் போயிற்று. “சாப்பிடும்மா” என்று போனில் நூறு தடவை சொன்னாலும் அது திரும்பாது.

ஒருத்திக்கு உலை வைக்க மனசு வராது. எனக்கும் வரவில்லை. எனக்கு எதிரில் ஒரு பர்மாக்காரி, அவளும் புருஷனை இழந்தவள். அவர்களுக்கு ஏழாம் நாள் சாமியார்களுக்குச் சோறு போட்டுவிட்டால் ஆயிற்று, அப்புறம் அவள் பௌர்ணமி, அமாவாசைக்கு மடத்துக்குப் போய் உட்கார்ந்து சீலம் என்ற விரதம் எடுத்து வருவாள். பூ வைக்காதே, எதிரில் வராதே என்று யாரும் சொல்வதில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு நாள் அவளே கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நடையில் வைத்தாள். கரண்டு எப்போது வரும் என்று தெரியாத ஊரில் இரண்டு அடுப்புக்குக் கரி எதற்கு என்றாள். இப்போது ஒரு நாள் நான் சாம்பார் வைக்கிறேன், மறுநாள் அவள் பருப்பும் சுரைக்காயும் வதக்குகிறாள். நப்பி (மீன் விழுது) போட்டதைத் தனியாக எடுத்துவைத்து, இது உனக்கு இல்லை என்று கையால் மறைத்துக் காட்டுவாள். அவளுக்காக நான் சமைக்கிறேன், எனக்காக அவள். அதில் இரண்டு பேர் வயிறும் நிறைகிறது. உன் அம்மாவின் எதிர்வீட்டம்மாவைக் கேட்டுப் பார். சீனி டீ கொடுத்தவள் சோற்றுக்கு மாட்டேன் என்பாளா?

இன்னொன்று, பெண்பிள்ளை என்பதால் உன்னிடம் சொல்கிறேன். அம்மா தண்ணீர் குடிக்கிறாரா என்று பார். நாங்கள் வெளியே போகாததற்கும் தண்ணீர் குடிக்காததற்கும் பாதிக் காரணம் சிறுநீர். தும்மினால், படி இறங்கினால் சொட்டும். அவசரமாக வரும். கரண்டு இல்லாத ராத்திரியில் கக்கூஸுக்குத் தடவிக்கொண்டு போக பயம், விழுந்துவிட்டால் யார் தூக்குவது? முன்பு பக்கத்தில் ஒரு ஆள் படுத்திருந்தார், டார்ச் அடித்தார். இப்போது இல்லை. அதனால் சாயங்காலம் நாலு மணிக்கே தண்ணீரை நிறுத்திவிடுவோம். மகனிடம் சொல்லமாட்டோம், டாக்டர் ஆம்பிளை என்றால் சத்தியமாகச் சொல்லமாட்டோம். கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை சார்ஜ் லைட் ஒன்று வை. பிளாஸ்டிக் செருப்பை மாற்று, ஈரத்தில் வழுக்கும். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடிக்கச் சொல். மருந்தும் உண்டு, ஒரு லேடி டாக்டரிடம் நீயே வாயைத் திறந்து கேள்.

தன்லினுக்கு இழுத்துக்கொண்டு போகாதே. இப்போது வேண்டாம். வீடும் போனால் அவளுக்கு என்ன மிச்சம்? அந்த விளக்கு அவளுக்குத் தினமும் இருக்கிற ஒரு வேலை. அதிலேயே மாத்திரையை முடிந்துவிடு. காலை விளக்கு ஏற்று, தீப்பெட்டிக்குப் பக்கத்திலேயே மாத்திரை டப்பா, அங்கேயே ஒரு தட்டில் ரொட்டி. சாமிக்கு வைத்ததைச் சாப்பிடாமல் விடமாட்டாள்.


பதில்: பாங்காக் பையன்

ஆச்சி சொன்ன ஆம்பிளை விஷயத்துக்கு ஒரு வார்த்தை. துணை இறந்த முதல் சில மாதங்களில் இறப்பு அபாயம் கூடுவது பல நாடுகளில் பார்த்த விஷயம். அது பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அதிகம். டீக்கடையில் உட்கார்ந்தாலும் வீட்டுக்குப் போனால் சட்டி காலிதான். எங்கள் அப்பா அப்படித்தான் ஆறே மாதத்தில் போனார்.

மலேசியாவில் இருக்கும் தம்பிக்கு: ‘சாப்பிட்டியா’ என்று கேட்காதே, ‘சாப்பிட்டேன்’ என்றுதான் பதில் வரும். வீடியோவில் தட்டைக் காட்டச் சொல்லி நீயும் அதே நேரம் சாப்பிடு. நெட் தடையைத் தாண்டும் வி.பி.என். தொல்லை, கரண்டு தொல்லை எல்லாம் உண்டு, அதனால் தினமும் நடக்கும் என்று எண்ணாதே. அப்புறம் அம்மாவுக்கு அனுப்பும் காசில் கொஞ்சம் சோதனைக் கருவிக்கு என்று தனியாக அனுப்பு. பர்மாவில் மருந்து விலை எங்கே போய் நிற்கிறது என்று உனக்கே தெரியும்.


கேள்வி கேட்டவர்: தன்லின் மகள்

எல்லாருக்கும் நன்றி. நர்ஸக்கா, பொட்டலங்களை அள்ளிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார், மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஆம்லோடிபின், அந்த வில்லன் கிளிபென்கிளமைடு மூன்றும் இருக்கின்றன. அப்பா இறந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. “ஏன் அவர் வரவில்லை” என்று கேட்டார், நான்தான் சொன்னேன். கிளிபென்கிளமைடை நிறுத்தி, இரண்டு வாரம் காலைச் சர்க்கரையை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். முட்டிவலிப் பொட்டலம் எப்போதாவதுதான் போட்டிருக்கிறார், அதைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டார். பி12க்கு ஊசி. எடை 46 கிலோ, பழைய சீட்டில் 51 என்று இருந்தது.

அம்மாவும் வந்தார். இறங்கும்போது மூன்றாம் மாடியில் உட்கார்ந்தார், ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்தார். அந்தந்த வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து நாற்காலி போட்டார்கள். இரண்டாம் மாடியில் ஒரு தெலுங்குக்கார அம்மாள், இத்தனை வருஷமாக அங்கேதான் இருக்கிறாராம், அம்மாவுக்கு இப்போதுதான் பேச்சுப் பழக்கம்.

ஆச்சி, நீங்கள் சொன்ன சிறுநீர் விஷயத்தை அம்மாவிடம் கேட்டேன். முதலில் “சீ போ” என்றார். அப்புறம் ராத்திரி லைட்டை அணைத்துப் படுத்த பிறகு இருட்டில் சொன்னார். அப்பா இருந்தபோதே இருந்ததாம். லைட் வாங்கி வைத்துவிட்டேன், கம்பி அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். லேடி டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சமையல் விஷயம் பாதிதான் நடந்திருக்கிறது. எதிர்வீட்டம்மாவுக்கு அம்மா சமைத்துக் கொடுக்கிறார், உற்சாகமாகவே கொடுக்கிறார். ஆனால் அவர் கொடுப்பதைச் சாப்பிட மாட்டேன் என்கிறார், நப்பிச் சட்டியில் வதக்கியிருப்பார்களாம். முட்டைக்கு மட்டும் சம்மதம். பங்குனியில் பீலிக்கான் கோயில் தீமிதிக்குத் தன்லின் வழியாகத்தானே போகணும், அப்போது என் வீட்டில் இரண்டு நாள் தங்கலாமே என்று பேச்சை மெல்ல எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய ரங்கூன்காரர் மன்னிக்கவும்.

நர்ஸக்காவுக்கு ஒரு கேள்வி: சோதனைப் பட்டைகள் வீட்டில் வெக்கையில் கெட்டுப்போகுமா? கரண்டு இல்லாதபோது வீடு அடுப்பு மாதிரி இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைக்கட்டுமா?


பதில்: மோல்மீன் நர்ஸம்மா

ஃப்ரிட்ஜில் வைக்காதே, எடுக்கும்போது ஈரம் கோத்துக் கெட்டுவிடும். வந்த டப்பாவிலேயே மூடியை இறுக்கி மூடி, வெயில் படாத, அடுப்புக்குத் தள்ளி இருக்கிற இடத்தில் வை. பொதுவாக 30 டிகிரிக்குள் இருக்கணும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். நம்ம சித்திரை வெயிலுக்கு மண்பானை வைக்கிற மூலைதான் தேவலை, பானைத் தண்ணீர் மட்டும் தெறிக்காமல் பார்த்துக்கொள். ஒரேயடியாக நிறைய வாங்காதே. வாங்கும்போது காலாவதித் தேதியையும் மூடி உடையாமல் இருக்கிறதா என்பதையும் பார். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தச் சொல், முகத்தில் பூசும் தனாக்காவோ சீனியோ ஒட்டியிருந்தால் கணக்கு தப்பாகக் காட்டும். காலையில் 100க்குக் கீழே தொடர்ந்து வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் டாக்டரிடம் போ.

பர்மாக்காரம்மா சட்டி விஷயத்துக்கு, உன் அம்மாவின் சட்டி ஒன்றை அந்த வீட்டிலேயே கொடுத்து வை.